பிரேக்கில் கோளாறு

கும்மிடிப்பூண்டியில் இருந்த அந்தக் கம்பி ஆலையில் இயந்திரத்துக்கு உடம்பு சரியில்லாமல் போகலாம், மனுஷனுக்குப் போகக் கூடாது. கிரேன் நின்றால் ஓடி வந்து எண்ணெய் விடுவார்கள், தட்டிக் கொடுப்பார்கள், வெள்ளிக்கிழமையானால் எலுமிச்சம்பழம்கூட வைப்பார்கள். ஓட்டுகிறவன் நின்றால் மட்டும் வீட்டில் சண்டையா, ராத்திரி சரக்கா என்று கேட்பார்கள். அதனால் கிரேன்காரர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வயிறு கலக்கினாலும் சரி, தூக்கம் சொக்கினாலும் சரி, கிரேன் நோட்டில் 'பிரேக்கில் கோளாறு' என்று எழுதிவிட்டு இறங்கிவிடுவது. எலக்ட்ரீஷியன் மேலே ஏறி, நன்றாக இருக்கிற பிரேக்கைப் பிரித்துப் பூட்டி, 'சரி செய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவார். இத்தனை பெரிய கம்பெனி, இத்தனை கேவலமான நாடகம்.

அன்புசெல்வன் பதினொரு வருஷமாக அங்கே கிரேன் ஓட்டுகிறவன். நாற்பதடி உயரத்தில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, கீழே சுமை கட்டுகிற ராபின் காட்டுகிற கைச் சைகையைப் பார்த்து, இரும்புக் கட்டைகளைத் தூக்கி உலைப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அந்த உயரத்தில் உட்கார்ந்தவனுக்குக் கீழே இருக்கிறவர்கள் எல்லாரும் சின்னதாகத்தானே தெரிவார்கள்? அவனுக்கும் அப்படித்தான். தலைவலி என்று லீவு கேட்கிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஏகப்பட்ட இளக்காரம். வேலை செய்யச் சோம்பேறித்தனம், தலை மேல் பழி போடுகிறான் என்பான்.

எல்லாரையும்விட அவனுக்கு ஆகாதவர் எலக்ட்ரீஷியன் வெங்கடேசன். வயது ஐம்பத்து மூன்று. ஒரு ஸ்க்ரூவைக் கழற்றப் பத்து நிமிஷம், ஒரு வார்த்தை பேச ஐந்து நிமிஷம். அவர் ஏணியில் ஏறுவதைப் பார்த்து "ஆமை வருது பாரு" என்று அவர் காதில் விழும்படியே சொல்லிச் சிரிப்பான். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மானம் ரோஷம் இல்லாத ஜென்மம் என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டான்.

பங்குனி மாதத்தில் ஒரு மதியம் அன்புசெல்வனுக்கே வந்தது. முதலில் வலி இல்லை. கண்ணாடி போடாமல் வெல்டிங்கைப் பார்த்துவிட்டால் கண்ணுக்குள் ஒரு பொட்டு நிற்குமே, அந்த மாதிரி ஒன்று மினுங்கியது. கண்ணைத் தேய்த்தான், போகவில்லை. பொட்டு பெரிதாகி ரம்பப் பல் மாதிரி வளைந்து வளைந்து நடுங்கியது. அது நகர்ந்த இடத்தில் எதுவுமே தெரியவில்லை. இருபது நிமிஷத்தில் அது போய், வலது நெற்றிப்பொட்டில் சம்மட்டி அடி ஆரம்பித்தது. உலைச் சத்தம் மண்டைக்குள் புகுந்தது. எப்படியோ இறங்கி, மின் பலகை அறைக்குப் பின்னால் போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அப்புறம் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நோட்டில் எழுதினான்: பிரேக்கில் கோளாறு.

ஆடியில் இரண்டாம் தடவை, ஆவணியில் மூன்றாம் தடவை. இடையில் அவன் விழுங்கிய வலி மாத்திரைகளுக்கு அளவே இல்லை. டீக்கடையில் கிடைப்பதையெல்லாம் போட்டான், போடப் போடத் தலை கனத்தது. யோசனை சொல்ல மட்டும் ஊரே திரண்டு வந்தது. பித்தம் என்றான் ஒருவன், திருஷ்டி என்றான் இன்னொருவன். மொட்டை போட்டால் சூடு இறங்கும் என்றவனுக்கு மண்டையில் ஒரு முடி கிடையாது.

கண்டுபிடித்தவள் அவன் மனைவி நர்மதா. தலைவலி வருவதற்கு முந்தின நாளோ அன்று காலையிலோ அவன் கொட்டாவியாக விடுவதையும், சர்க்கரை டப்பாவைத் தேடுவதையும், காரணமில்லாமல் எரிந்து விழுவதையும் அவள் காலண்டரில் குறித்து வைத்திருந்தாள். வீடு இருந்த சோழவரத்திலிருந்து பொன்னேரிக்கு ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். காலண்டரைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா, இது ஒற்றைத் தலைவலி, கண் மினுங்குவது அதன் முன்னறிவிப்பு என்றார். வேளைக்குச் சாப்பிடணும், ஒரே நேரத்தில் தூங்கணும், வெக்கையில் தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கணும், வலி தொடங்கினதுமே இந்த மாத்திரையைப் போட்டு இருட்டில் படுக்கணும், கண்ட மாத்திரையையும் தினம் விழுங்கினால் அதுவே தலைவலியை வளர்க்கும் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில் என்ன வேலை என்று கேட்டார். கம்பெனி வேலை என்றான். கிரேன் என்ற வார்த்தை அந்தப் பெரிய வீரனின் வாயிலிருந்து வரவில்லை. சொன்னால் மேலே ஏறக் கூடாது என்பார், கீழே இறங்கினால் கம்பிக் கட்டுகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை, அதற்கப்புறம் ஊர் தன்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயம்.

மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மேலே ஏறியே வந்தான். ஐப்பசியில் அந்த நாள் வந்தது. ஷிப்ட் மாறியதில் இரண்டு ராத்திரி தூக்கமில்லை. காலையிலேயே நர்மதா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"எந்திரிச்சதுலேர்ந்து கொட்டாவி உட்டுக்கினே கீறீங்க. இன்னிக்கு வரும். மேல ஏறாதீங்க."

பேஜாரு பண்ணாதே என்று அவளைத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தான். காலை நாஷ்டாவும் இல்லை, மதியச் சாப்பாடும் இல்லை.

மூன்று மணிக்கு இரண்டு டன் இரும்புக் கட்டை சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே ராபின் கையைத் தூக்கினான். அன்புசெல்வனுக்கு ராபினின் முகம் தெரிந்தது, தோள் தெரிந்தது, கை தெரியவில்லை. கை இருக்க வேண்டிய இடத்தில் ரம்பப் பல் மினுங்கியது. நிறுத்தச் சொல்கிறானா, இறக்கச் சொல்கிறானா? அன்புசெல்வன் விசையிலிருந்து கையை எடுத்தான். நீளமாக ஹாரன் அடித்தான். தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, தெரிகிற ஓரக் கண்ணால் பார்த்துப் பார்த்து, விரற்கடை விரற்கடையாகச் சுமையை இறக்கினான். அது தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது. ஏணியை ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினான்.

கீழே ஷிப்ட் இன்சார்ஜ் துளசிராமன் நோட்டோடு நின்றார். பத்து வருஷம் வேலை பார்த்தும் ஹெல்மெட்டில் ஒரு கீறல் விழாத மனிதர். பக்கத்தில் வெங்கடேசன் தலையைக் குனிந்து நின்றார்.

"நாலாவது தடவ. ஒரு பிரேக்க சரி பண்ணத் தெரியல, இவனுக்கு எதுக்கு யூனிபாரம்?" என்றார் துளசிராமன், தன்னைவிட இருபது வயது பெரியவரைப் பார்த்து. "நீ எழுதுய்யா. இதோட இவன வெளிய அனுப்பிடறேன்."

அன்புசெல்வன் பேனாவை வாங்கினான். இரண்டே வார்த்தை எழுதினால் போதும், கிரேன் அவனுடையது, ஆமை வீட்டுக்குப் போகும். எழுதவில்லை என்றால் ஆமை இருக்கும், கிரேன் போகும். இதை யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொண்டான் என்பதுதான் வெட்கக்கேடு. நோட்டின் பாதிப் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. மீதிப் பாதியில் கோணல்மாணலாக எழுதினான்: பிரேக் நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் கண் தெரியவில்லை. ஒற்றைத் தலைவலி. முந்தைய மூன்று தடவையும் இதுதான்.

துளசிராமன் அதை இரண்டு முறை படித்தார்.

"தலைவலிக்கா கிரேன நிறுத்தின? எங்கம்மாவுக்குந்தான் தலைவலி. தைலம் தேச்சிக்கினு சோறாக்குறாங்க."

"உங்கம்மா ரெண்டு டன்ன ஆளுங்க தலைக்கு மேல தூக்கிக்கினு சோறாக்கல சார்."

துளசிராமன் இன்சார்ஜுகள் எப்போதும் செய்வதைச் செய்தார்: நாளையிலிருந்து மேலே ஏறாதே, மெடிக்கல் செக்கப் முடிகிற வரைக்கும் கீழே சீட்டு ஒட்டு என்று கத்திவிட்டு ஆபீசுக்குப் போனார். அதற்குள் வலி தொடங்கிவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அன்புசெல்வன் சுவரைப் பிடித்தபடி நின்றான்.

வெங்கடேசன் அவன் கையைப் பிடித்து மின் பலகை அறைக்குக் கூட்டிப் போனார். ஏசி ஓடுகிற அறை. தரையில் அட்டையை விரித்தார். விளக்கை அணைத்தார். ஒரு பாலிதீன் பையைக் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தார். யாரும் சொல்லாமலே எல்லாம் தெரிந்த மாதிரிச் செய்தார்.

தன்னால் அவருக்கு வேலையே போயிருக்கும், மன்னிக்கணும் என்று அன்புசெல்வன் முனகினான். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அண்ணே என்றான்.

"பிரேக்குல ஒண்ணும் இல்லன்னு மொத நாளே தெரியும்," என்றார் வெங்கடேசன். "இந்தச் செவுத்துக்குப் பின்னால நீ எடுத்த வாந்திய கழுவி உட்டது யாருன்னு நெனச்ச? பிரேக்கு நல்லாகீதுன்னு நான் எழுதியிருந்தா உன்ன அன்னிக்கே கேட்டுக்கு வெளிய தள்ளியிருப்பானுங்க. நீயா எழுதுனா கீழ ஒரு வேலையாவது குடுப்பான்னு பார்த்தேன். ஏழு மாசம் ஆச்சு உனக்கு."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"சும்மாவா? அன்பு லோடு தூக்குனா கீழ ஒருத்தனையும் உடாதன்னு ராபின்கிட்ட சொல்லி வெச்சேன். இங்க கீற அத்தினி பேரும் உன் கிரேனுக்குப் பயந்து ஒதுங்கித்தான் போய்க்கினு இருந்தோம். நீதான் பெரிய கிரேன்காரன்னு மேல உக்காந்துக்கினு சிரிச்ச."

படு, பேசாதே என்று சொல்லிவிட்டு வெங்கடேசன் கதவைச் சாத்தினார். அன்புசெல்வன் வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அட்டையில் சுருண்டான். அழுதால் இந்த வலி இன்னும் கூடும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை.