நாலாம் நம்பர் பிரஸ் நிற்கும் நேரம்

வினோஜை முதல் நாள் பார்த்தபோதே சுந்தர்சிங்குக்குப் பிடிக்கவில்லை. மெயின்டனன்ஸ் எஞ்சினியர் என்று வந்தவன் கையில் ஒரு டெஸ்டர் இல்லை, ஸ்பேனர் இல்லை. முதுகில் லேப்டாப் பை, சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. மெஷினுக்கு முன்னால் அவன் நிற்பதே பெண் பார்க்க வந்தவன் நிற்பது மாதிரி இருந்தது. தொடவும் கூச்சம், கிளம்பவும் மனசில்லை.

சுந்தர்சிங் துபாயில், ஜெபல் அலியில் பதினோரு வருஷம் மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர். ஆரல்வாய்மொழியில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கும் இந்தக் கம்பெனியில் எட்டு வருஷமாக டெக்னீஷியன். கார்களின் அடியில் அதிர்வு தாங்க வைக்கிற ரப்பர் புஷ்கள் இங்கே தயாராகின்றன. எஞ்சினியர் நாற்காலி தனக்குத்தான் என்று நினைத்திருந்தார். அது இருபத்தாறு வயதுப் பயலுக்குப் போனது. அதைக்கூட விழுங்கியிருப்பார். சேர்ந்த மூன்றாம் நாள் மீட்டிங்கில் அவன் பேசியதுதான் தொண்டையில் நின்றது.

"சிங்கு அண்ணன் நல்லா வேல செய்வாவ சார். ஆனா பழைய ஆளுவளுக்கு சத்தம் கேட்டு மெஷின் பாக்கத்தான் தெரியும். இனி டேட்டா வச்சு பாக்கணும்."

மேனேஜர் பகவதியப்பன் தலையாட்டினார். ஏசி அறையில் உட்கார்ந்து தலையாட்டுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர் அவர். சுந்தர்சிங்கும் தலையாட்டினார். டேட்டாவாம், டேட்டா. சவம், பாப்போம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

பார்க்கிற நாள் சீக்கிரமே வந்தது. ஆடிக் காற்று கணவாய் வழியாக இரைந்துகொண்டிருந்த வாரம், திங்கட்கிழமை, ரப்பரை அச்சில் வைத்து அழுத்துகிற நாலாம் நம்பர் பிரஸ் சாயங்காலம் மூணே முக்காலுக்கு நின்றது. நாலேகாலுக்குத் தானாகவே சரியானது. செவ்வாய்க்கிழமையும் அதே கூத்து.

அந்தப் பிரஸ்ஸின் வாயில் இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பங்கள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், எதிரே நிற்பது வாங்கும். நடுவில் கை போனால் பிரஸ் மூடாமல் அப்படியே நின்றுவிடும். இப்போது யாரும் கை வைக்காமலே நின்றது. சூட்டு அச்சில் வைத்த ரப்பர் அழுத்தம் விழாமல் கருகி, சிவப்புப் பெட்டியில் கழிவாகக் குவிந்தது.

செவ்வாய்க்கிழமையே சுந்தர்சிங்குக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பக்கத்துப் பிரஸ்ஸுக்கு எண்ணெய் ஊற்ற வந்தவர் தற்செயலாக நிமிர்ந்தார். மேற்குச் சுவரின் உச்சியில் ஒரு தகட்டுக்கு ஸ்க்ரூ போயிருந்தது. காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது. தூக்கும்போதெல்லாம் சாயங்கால வெயில் ஒரு பட்டையாக இறங்கி, ஒளி வாங்குகிற கம்பத்தின் மேல் நேராக விழுந்தது. கம்பத்துக்குக் கண் கூசி, பிரஸ் நின்றது. ஏணியும் ஆறு ஸ்க்ரூவும் இருந்தால் பத்து நிமிஷ வேலை.

சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் வினோஜ் லேப்டாப்பைத் திறந்துகொண்டு, "அண்ணா, நீங்க தொடாண்டாம். நான் அனலைஸ் பண்ணுகேன்," என்றான். பண்ணுடே மக்கா, நல்லாப் பண்ணு என்று சுந்தர்சிங் கையைக் கட்டிக்கொண்டு தூணோரம் போய் நின்றார். அவன் வந்து, அண்ணா, நீங்க ஒண்ணு பாருங்க என்று கேட்க வேண்டும். அது மட்டும் போதும் அவருக்கு.

அவன் கேட்கவில்லை. கேபிளை மாற்றினான். கார்டை மாற்றினான். நல்லதையெல்லாம் கழற்றிப் புதிதாக நல்லதை மாட்டினான். சுந்தர்சிங் தினமும் மூன்று நாற்பதுக்குத் தூணோரம் வந்து நின்று இந்தச் சர்க்கஸை ரசித்தார். சினிமாவுக்குப் போனால்கூட இப்படிப் பொழுது போயிருக்காது.

புதன்கிழமை வினோஜ் ஒரு தாள் நிரப்பினான். ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் மூல காரணம் கிடைத்துவிடும் என்று அவனுக்கு எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். பிரஸ் ஏன் நின்றது? ஒளி தடைபட்டது. ஏன் தடைபட்டது? கை உள்ளே போனது. ஏன் போனது? ஆபரேட்டரின் கவனக்குறைவு. மூன்றாவது ஏனிலேயே ஆள் கிடைத்துவிட்டதால் மிச்சம் இரண்டையும் அவன் வீணாக்கவில்லை.

அந்த ஆபரேட்டர் சஜிதா. இராஜாக்கமங்கலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். கான்ட்ராக்ட் ஆள். இந்த மாதத்தோடு ஒரு வருஷம் முடிகிறது, முடிந்தால் கம்பெனி ஆளாக எடுப்பார்கள். மெமோ மூன்று சேர்ந்தால் எடுக்க மாட்டார்கள், வெளியே அனுப்புவார்கள். சுந்தர்சிங் எங்கே ஏணியில் ஏறினாலும் கூப்பிடாமலே ஓடிவந்து கீழே பிடித்துக்கொள்பவள் அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை முதல் மெமோ. வியாழக்கிழமை அவள் தலைக்கு மேல் ஒரு கேமரா மாட்டினார்கள். அவள் கைகளைத் திருடனின் கைகளைப் போலப் படம் பிடித்தார்கள். அதில் ஒன்றும் அகப்படவில்லை. அப்படியும் வெள்ளிக்கிழமை இரண்டாவது மெமோ வந்தது.

"நான் கைய வைக்கவே இல்ல அண்ணா," என்றாள் சுந்தர்சிங்கிடம். கண் கலங்கியிருந்தது. "நீங்க பாத்துட்டுதான நிக்கிய?"

"வெப்ராளப்படாத மக்கா. எல்லாம் சரியாவும்."

அன்றைக்கு ராத்திரி, நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கூடவே, நாளைக்கு அந்தப் பயல் கட்டாயம் கேட்பான், கேட்டால் சொல்லலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். வெட்கங்கெட்ட மனசு.

சனிக்கிழமை பகவதியப்பனே நேரில் இறங்கி வந்தார், கையில் பழைய இரண்டு மெமோவோடு மூன்றாவதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு. வினோஜ் லேப்டாப்போடு நின்றான். சஜிதா ரப்பரை அச்சில் வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மணி மூணே முக்கால். பிரஸ் பாதி மூடி நின்றது.

"கை வைக்கல்ல சார். பாத்தியள்லா?" என்றாள்.

"அப்பம் ஏன் நிக்கி?"

"எனக்குத் தெரியாது சார். அவியளுக்குத் தெரியும்." தூணோரம் நின்ற சுந்தர்சிங்கைக் கை காட்டினாள். "பிரஸ் நிக்கதுக்கு முன்னாலயே மேல பாக்காவ. வியாழக்கிழமையும் பாத்தாவ, நேத்தும் பாத்தாவ. இப்பமும் பாத்தாவ. பாத்த பெறவுதான் நிக்கி. இன்னைக்குச் சொல்லுவாவ, நாளைக்குச் சொல்லுவாவன்னு நானும் இருந்தேன்."

எல்லோரும் மேலே பார்த்தார்கள். தகடு படபடவென்று அடித்தது. வெயில் பட்டை இறங்கி மஞ்சள் கம்பத்தில் விழுந்தது. சஜிதா ஒரு அட்டையை எடுத்து வெயிலை மறைத்துப் பிடித்தாள். பகவதியப்பன் பொத்தானை அமுக்கினார். பிரஸ் சமர்த்தாக மூடிக்கொண்டது.

"தெரிஞ்சுதான் நின்னீரா வே?" என்றார் பகவதியப்பன்.

"இல்ல சார். இப்பந்தான் கவனிச்சேன்."

அதை நம்பியவன் வினோஜ் ஒருத்தன்தான். "சூப்பர் அண்ணா, கரெக்ட் ரூட் காஸ்," என்று வெயில் பட்டையை செல்போனில் படம் பிடித்தான். அந்த மடையன் நம்பியதுதான் சுந்தர்சிங்குக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பகவதியப்பன் மூன்று மெமோவையும் கிழித்து, கருகிய ரப்பர் கிடந்த சிவப்புப் பெட்டியிலேயே போட்டார். "ஏறி ஸ்க்ரூவ அடியும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். வினோஜ் பின்னாலேயே போனான்.

சுந்தர்சிங் ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினார். அட்டையைக் கம்பத்தில் கட்டிவிட்டு, சஜிதா அடுத்த ரப்பரை அச்சில் வைத்துக்கொண்டிருந்தாள். நாலு படி ஏறினார். இடுக்கு வழியாக வந்த காற்று ஏணியைக் கிடுகிடுவென்று ஆட்டியது. வழக்கமாக இதற்குள் கீழே இரண்டு கைகள் வந்து பிடித்திருக்கும். திரும்பிப் பார்த்தார்.

"மக்கா, ஏணிய ஒண்ணு பிடிக்கியா?"

அவள் தலை தூக்கினாள். இத்தனை நாள் வினோஜை அவர் எப்படி வேடிக்கை பார்த்தாரோ, அப்படியே அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவருக்குத் தெரியாதா?

"மெஷின் ஓடுதுல்லா," என்றாள்.

அண்ணா என்று சொல்லவில்லை. சுந்தர்சிங் மிச்சப் படிகளையும் ஏறி, ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முதல் ஸ்க்ரூவை அடித்தார். இன்னும் ஐந்து இருந்தன.