முதுகுப் பக்கத்து ஜிப்

பார்சலைப் பிரித்ததும் முதலில் வந்தது வாசனைதான். ரப்பர், முகப்பவுடர், என் கூட்டாளி தடியன் நெற்றியில் தேய்த்துக்கொள்ளும் தைலம். அவனுடைய டிரைசூட் மூன்றாக மடிந்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிக்குள் படுத்திருந்தது. மேலே ஒரு துண்டுக் காகிதம். ‘வெட்டி உன் அளவுக்கு வச்சுக்கோ.’ எழுதுகிற விஷயத்தில் அவன் கஞ்சன் என்று தெரியும். இருந்தாலும் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

நாங்கள் இருவரும் அணையில் முக்குளிக்கிறவர்கள். அடியில் இருக்கும் ஷட்டர்களில் துரு ஏறியிருக்கிறதா, கட்டை ஏதும் சிக்கியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருவது வேலை. அந்த ஆழத்தில் கண் ஒன்றுக்கும் உதவாது, குளிர் மட்டும் நன்றாகத் தெரியும். அதற்குத்தான் இந்த உடுப்பு. கால் விரலிலிருந்து கழுத்து வரை ஒரே உறை, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கிப் பிடிக்கும் ரப்பர். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. உள்ளே நுழையும் வழி முதுகில் இருக்கிறது, ஒரு தோளிலிருந்து மறு தோள் வரை பித்தளைப் பல் வைத்த ஜிப். போட்டுக்கொண்டவனுக்கு அது எட்டாது. மூடிவிட இன்னொருவன் வேண்டும்.

இருபத்திரண்டு வருஷம் என் முதுகைத் தடியன் மூடினான், அவன் முதுகை நான் மூடினேன். அவன் ஆறடிக்கு மேல், நான் அவன் நெஞ்சு வரைக்கும். தடியன், பொடியன் என்று பெயர் வைத்தவர்கள் எல்லாம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். ஐம்பத்தாறு வயதாகியும் நான் பொடியன்தான். ஜிப்பைக் கடைசிப் பல் வரை இழுத்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் தோளில் இரண்டு முறை தட்டுவான். மூடியாயிற்று, போ என்று அர்த்தம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் யாரும் சொல்லித் தந்ததில்லை அது. அந்தத் தட்டு விழாமல் நான் தண்ணீரில் இறங்கியதே இல்லை.

போன வருஷம் அவனுக்குக் காது போனது. “ஆறு மாசம்டா, சரியானதும் வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டு மகன் வீட்டுக்குப் போனான். ஆறு எட்டாகி, எட்டு பன்னிரண்டாகிவிட்டது. வருவாயா என்று நான் கேட்கவே இல்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயம். இப்போது கேட்காமலே பார்சலில் அனுப்பிவிட்டான்.

யோசிக்கவும் நேரமில்லை. என் பழைய சூட் ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, போன வாரம் பாதி அணையை உள்ளே இழுத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் வேறு சூட் வராவிட்டால் படகில் உட்கார்ந்து, உள்ளே இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். கயிறு பிடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஒருமுறை கயிற்றைக் கையில் வாங்கியவன் மறுபடி தண்ணீருக்குள் போய் நான் பார்த்ததில்லை. வீட்டில் எனக்காகக் காத்திருக்க யாருமில்லை. தண்ணீரும் கைவிட்டுவிட்டால் விடிந்து எழுந்து எங்கே போவது?

சனிக்கிழமை காலை அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அப்பா சட்டைக்குள் புகுந்துகொண்ட பிள்ளை மாதிரி இருந்தது. கால்சட்டையின் கவை தொடைக்கு இறங்கிவிட்டது, கணுக்காலில் மடிப்பு மடிப்பாக ரப்பர். எட்டு விரல் குறைக்க வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டேன். கத்திரிக்கோலை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். வெட்டாத வரைக்கும் அது தடியனுடைய சூட். என்றைக்காவது வந்து நின்றான் என்றால் அப்படியே மாட்டிக்கொள்ளலாம். வெட்டிவிட்டால் அவன் வந்தாலும் போட்டுக்கொள்ள ஒன்றும் இருக்காது.

முகத்தைப் பார்த்து நாளாயிற்றே என்று வீடியோவில் கூப்பிட்டேன். எடுத்த உடனே பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டான். திரை முழுக்க ஒரு காது.

“டேய், மூஞ்சியக் காட்டுடா.”

“என்னது? சத்தமா பேசு.”

“சூட் வந்துருச்சு.”

“வெட்டிட்டியா?”

“இன்னும் இல்ல. காது எப்படி இருக்கு?”

“அது பாட்டுக்கு இருக்கு. நீ அளவு எப்படி எடுத்த? நின்னா, குந்தியா?”

சாக்பீஸ் கோட்டைப் பார்த்தேன். நின்றுதான் எடுத்திருந்தேன்.

“நின்னு அளந்து வெட்டினா கீழ போய் முட்டிய மடக்குவியா, மரம் மாதிரி நிப்பியா? குந்தி அளடா, மண்டு.”

“குந்தினா கோடு போட இன்னொரு ஆள் வேணுமே.”

காது மடலில் நரைமுடி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“கால்ல ரப்பர் பேண்ட் மாட்டிக்கோ. குந்திக் குந்தி நகத்து. எங்க நிக்குதோ அங்க வெட்டு.”

“வெட்டினா வெட்டினதுதான்டா. திரும்ப ஒட்ட முடியாது.”

“தெரியும்” என்றான். அப்புறம், “வெட்டு” என்றான்.

எட்டு விரல் நாலு விரலானது. முகத்தைக் காட்டாமல் காதாலேயே என் தப்பைப் பார்த்துவிட்டான் படுபாவி. முட்டிக்குக் கீழே இரண்டு கால்களையும் வெட்டி, நாலு விரல் அகல வளையங்களை எடுத்துவிட்டு, கீழ்ப்பாதியை மறுபடி பொருத்தினேன். பசை ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு, ஒட்டி, கண்ணாடிப் பாட்டிலை உருட்டி அழுத்தினேன். அவன் கழுத்து ரப்பர் எனக்குத் தொளதொளவென்று கிடந்ததால் அதையும் நறுக்கிவிட்டு, என்னிடமிருந்த புதியதைச் சமையல் பாத்திரத்தின் மேல் விரித்துப் பிடித்து ஒட்டினேன். பாத்திரம் மாட்டிக்கொண்டதால் அன்றைக்கு ரொட்டியும் வாழைப்பழமும்தான். வெட்டிய இரண்டு வளையங்களையும் குப்பைக்கூடை வரைக்கும் கொண்டுபோனேன். போட மனசு வரவில்லை, அலமாரியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தேன். ஜிப்பின் நுனியில் கயிறு கட்டி, ஜன்னல் கம்பியில் மாட்டி, பக்கவாட்டில் நகர்ந்தேன். சரசரவென்று மூடிக்கொண்டது. எனக்கே என்மேல் பெருமை. கழுத்து ரப்பருக்குள் ஒரு விரலை விட்டுக் குந்தினேன். உள்ளே இருந்த காற்று புஸ்ஸென்று வெளியேற, சூட் நான்கு பக்கமும் என்னை இறுக்கிப் பிடித்தது. என்னை யாரும் தொட்டு எத்தனையோ மாதமாகிறது. எழுந்துகொள்ளத் தோன்றாமல் அப்படியே குந்தியிருந்தேன்.

எழுந்த பிறகுதான் உறைத்தது. மூடுவதற்கு வழி பண்ணியவன் திறப்பதற்கு யோசிக்கவில்லை. கயிற்று முடிச்சும் அவிழ்ந்துவிட்டது. கையை எப்படி வளைத்தாலும் ஜிப் எட்டவில்லை. வியர்வை ஆறாக ஓடியது. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த அம்மாவிடம் மூன்று வருஷத்தில் ‘குழாயில் தண்ணீர் வருதா’ என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசியதில்லை.

கதவைத் திறந்தவர் ஒரு அடி பின்னால் போனார். “சார், நீங்களா? எங்க, நிலாவுக்கா கிளம்பிட்டீங்க?”

“முதுகுல ஒரு ஜிப் இருக்கும்மா. கொஞ்சம் திறந்து விடணும்.”

இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்து இழுத்தார். ஜில்லென்று காற்று முதுகில் பட்டது.

“யப்பா, என்ன இறுக்கம்! இத தினமும் யாரு உங்களுக்கு மாட்டி விடுவாங்க?”

“ஒருத்தன் இருந்தான்.”

அவர் மேலே கேட்கவில்லை. “எப்ப வேணாலும் கதவத் தட்டுங்க சார்” என்றார்.

திங்கட்கிழமை படகில் நின்று சூட்டுக்குள் இறங்கினேன். தடியன் தரையில் ஊன்றி ஊன்றித் தேய்த்திருந்த முட்டி என் முட்டிக்கு நாலு விரல் கீழே இருந்தது. மற்றபடி கச்சிதம். சூப்பர்வைசர் சுற்றி வந்து பார்த்தார். என்னைவிட இருபது வயது சின்னவர், நல்ல மாதிரி.

“அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குண்ணே. திரும்புங்க, நானே மூடி விடறேன்.”

திரும்பினேன். ஜிப் இடது தோளிலிருந்து கிளம்பி வலது தோளுக்குப் போனது. கடைசிப் பல் வரை இழுத்தார், நின்றது தெரிந்தது. முன்னால் தண்ணீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது.

“என்னண்ணே, மூடியாச்சே. ஏன் நிக்கிறீங்க?”

அது என் காதில் விழுந்தது. தோளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக் கொடுத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.