அண்ணனின் நடை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டு, ஆனி மாதம். சினிமாச் சிரிப்பு நடிகன் சொரிமுத்து குற்றாலத்தில் தங்கியிருந்த பங்களா வாசலில் மொய்த்துக்கிடந்த கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு உலகம்மை உள்ளே நுழைந்தாள். மறித்த காவலாளியிடம், "நான் அவன் மதினி. வழிய விடு" என்றாள்.

சொரிமுத்து தலையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். "வாங்க மதினி! சாயங்காலம் நாடகத்துல அண்ணனுக்கு முன்வரிசை நாற்காலி. மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடையும் போத்தப் போறேன்."

"பொன்னாடை கெடக்கட்டும். இன்னைக்கு அந்த நடைய நடக்காத."

எந்த நடை என்று அவன் கேட்கவில்லை. இடுப்பை ஒருபுறம் தூக்கி, வலக்காலைத் தரையில் இழுத்து, இழுத்த காலை ஓர் உதறு உதறும் அந்த நடையால்தான் ஏழு படங்களில் பெயர் வாங்கியிருந்தான். அது அவன் அண்ணன் சிவனணைந்தபெருமாளின் நடை. பதினோர் ஆண்டுகளுக்கு முன், சொரிமுத்துவின் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலைப் பெட்டிகளை ஏற்றிவந்த வண்டி இலத்தூர் வளைவில் குடைசாய்ந்தது. வண்டியோட்டி வந்த அண்ணனின் இடுப்பின்மேல் ஒரு பெட்டி விழுந்தது.

"அவுக உன் படம் ஒண்ணுகூடப் பாத்ததில்ல. காய்ச்சல், கல்யாணம்னு ஏதாவது சொல்லி நாந்தான் தடுத்து வச்சிருக்கேன். இன்னைக்கு என்ன சொல்லியும் கேக்கல. எந்தம்பி நாடகம்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வந்திருக்காக."

"ஜனங்க அதத்தானே கேக்காக, மதினி?"

"ஜனங்க கேட்டா, செத்துப்போன உங்க அம்மையையும் மேடையில கொண்டாந்து நொண்ட வைப்பியோ?"

சொரிமுத்து தலைகுனிந்தான். "நடக்க மாட்டேன். குற்றாலநாதர் சத்தியம்."

மாலையில் தென்காசிக் கொட்டகையில் அவன் நிமிர்ந்து நடந்தே மேடையேறினான். அரைமணி நேரம் சொல்லைக் காப்பாற்றினான். சொன்ன நகைச்சுவையெல்லாம் நமுத்துப்போயிற்று. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "ஏலே, நடையப் போடுலே!" என்று கத்தினான். சீழ்க்கை பறந்தது. பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த உலகம்மை, கொழுந்தனின் கண்கள் முன்வரிசைக்குப் போனதைக் கண்டாள்; அங்கிருந்து பின்பெஞ்சுக்குப் போனதையும் கண்டாள்.

அவன் இடுப்பு உயர்ந்தது. கால் இழுபட்டது. கொட்டகை இடிந்துவிழுவதுபோலச் சிரித்தது.

சிவனணைந்தபெருமாளும் முதலில் சிரித்தான். பிறகு தன் வலத்தொடையைக் கையால் தொட்டுப் பார்த்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மறுபடி போட்டுக்கொண்டு எழுந்து, நடுவழியாக வாசலை நோக்கி நடந்தான்.

"அங்கன பாருலே, இன்னொருத்தன்! அப்படியே நடக்கான்!"

நாடகத்தில் அதுவும் ஒரு காட்சி என்று கூட்டம் கைதட்டியது. அவன் காலை உதறிய ஒவ்வொரு முறையும் தட்டியது.

உலகம்மை எழுந்தாள். கணவனுக்குப் பின்னால் போகவில்லை. மேடையின் முன்னால் போய் நின்றாள். சொரிமுத்து தூக்கிய இடுப்பை இறக்க மறந்து நின்றிருந்தான். மடித்த பொன்னாடை மேடையோரத்து நாற்காலியில் கிடந்தது.

"நேரா நில்லுலே! உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு?"

அதற்கும் கொட்டகை சிரித்தது.