நாற்பத்தாறும் இன்னொரு நாற்பத்தாறும்

பல் தேய்த்துக்கொண்டே குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தான் தசரதன். மனைவி ஜெயஸ்ரீ இன்னொரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தாள். ஃப்ரிட்ஜில், அரிசி டப்பாவில் என்று ராஜகீழ்ப்பாக்கத்து வீடு முழுக்க இப்போது ஜப்பானிய எழுத்துகள்தான். பரீட்சையில் தேறினால் அவளுடைய சாஃப்ட்வேர் கம்பெனி ஆறு மாதம் ஜப்பானுக்கு அனுப்புமாம். குரோம்பேட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அவனுக்கு, தன் வீட்டிலேயே தனக்கு வாசிக்கத் தெரியாதது இருப்பது எரிச்சலாக இருந்தது. அவளோடு ஜப்பானிய வகுப்பில் படிக்கும் ஃபயாஸுக்கு அதெல்லாம் தெரியும் என்பது அதைவிட எரிச்சல்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஃபயாஸ்தான் அவளை பைக்கில் கொண்டுவந்து விடுவான். ஒருநாள் காபிக்கு உட்கார்ந்தவனிடம் தசரதன் கேட்டான்.

“நமக்கு இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து. அவங்களுக்கு எவ்ளோப்பா?”

“மொதல்ல நாப்பத்தாறுண்ணா. அதே சத்தத்துக்கு வேற மாதிரி இன்னொரு நாப்பத்தாறு. அதுக்கு மேல படம் மாதிரி எழுத்து. பேப்பர் படிக்கவே ரெண்டாயிரம் தெரியணும்.”

“நம்மளோடது முப்பத்தொண்ணுதான். மீதியெல்லாம் சேத்துப் போடறதுதானே?” என்றாள் ஜெயஸ்ரீ. தமிழைப் பற்றிய பேச்சைக்கூட அவள் ஃபயாஸைப் பார்த்துத்தான் சொன்னாள். இரண்டாயிரம் எழுத்துக்கு எத்தனை சனிக்கிழமை ஆகும் என்று தசரதன் மனசுக்குள் கணக்குப் போட்டான்.

மார்ச்சில் ரிசல்ட் வந்தது. தேறவில்லை என்று போனில் சொன்னாள். அவனுக்கு நெஞ்சில் ஏதோ லேசானது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, அவளுக்குப் பிடித்த சிக்கன் பக்கோடா வாங்கிப் போனான். அழுவாள், தேற்ற வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டான்.

அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். “ஃபயாஸும் ஃபெயில்! கேன்டீன்ல உக்காந்து ரெண்டு பேரும் அழுது, சிரிச்சு... மறுபடி க்ளாஸ்ல சேந்துட்டோம்.”

தேற்றுவதற்கு அவனுக்கு ஒன்றும் மிச்சமில்லை. பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். அவள் சாப்பிட்டு முடித்ததும் கேட்டான்.

“மொத எழுத்து எது?”

“எதுக்கு?”

“சொல்லேன்.”

“அ. நம்மள மாதிரியே. அ, இ, உ, எ, ஒ.”

“போட்டுக் காட்டு.”

பக்கோடா காகிதத்தின் ஓரத்திலேயே போட்டுக் காட்டினாள். பேனாவை வாங்கினான். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, இரண்டு கோடு சரியாக வந்தன. மூன்றாவது வளையாமல் எங்கோ ஓடியது.

“சுத்தி வாங்க,” என்று அவன் கைமேல் கை வைத்தாள். எண்ணெய் ஊறிய இடத்தில் மை பிடிக்கவில்லை. இரண்டு கைகளும் வெறும் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.