குறைந்தபட்சம் பதினொன்று

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று அண்ணன் சொல்வான். என்னைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவான். இருக்கட்டும். சாந்தமாக இருக்கிறவர்கள் எல்லாம் என்ன கிழித்துவிட்டார்கள்? ஆனால் இந்த விஷயத்தில் யார்மேல் கோபப்படுவதென்று எனக்கே தெரியவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், திட்டுவதற்கு ஒரு ஆள் அகப்படவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான்.

அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நகரத்துத் தண்ணீர் அலுவலகத்தில், புகார்ப் பிரிவில் வேலை. குழாயில் தண்ணீர் வரவில்லை, வந்தாலும் சேறாக வருகிறது, பில் தப்பாக வந்திருக்கிறது என்று ஜனங்கள் எழுதி அனுப்புவதைப் படித்துப் பதில் எழுத வேண்டும். படிப்பது விரலால். கீபோர்டுக்கு முன்னால் நீளமாக ஒரு பட்டை இருக்கும். அதில் சின்னச் சின்ன ஊசிகள் எழும்பி பிரெயில் எழுத்துகளாக நிற்கும். திரையில் என்ன வரியோ அதுவே பட்டையிலும் வரும். தடவிப் படித்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் ஊசிகள் இறங்கி அடுத்த வரிக்கு எழும்பும்.

பார்வை இல்லாதவர்கள் பலர் கம்ப்யூட்டரைப் பேசவைத்துக் காதால் கேட்டே வேலை பார்த்துவிடுகிறார்கள். அண்ணனுக்கு அந்த வழியும் அடைபட்டுப்போனது. நாற்பதைத் தாண்டியதும் காது மங்கிவிட்டது. வீட்டில் ஜன்னலைச் சாத்திவிட்டு இடது காதோரம் குனிந்து பேசினால் கேட்கும். அலுவலகக் கூடத்தில் காது மிஷினை மாட்டினாலும் எல்லாம் ஒரே இரைச்சல். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. அண்ணனோடு பேச வேண்டியவர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே தட்டெழுதி அனுப்புவார்கள். அது அவன் விரலுக்கு வரும். அவன் வாயால் பதில் சொல்வான். பட்டையில் வரிக்கு நாற்பது எழுத்துதான் நிற்கும் என்பதால் எல்லாருமே பேச்சைத் துண்டு துண்டாக நறுக்கி அனுப்பப் பழகியிருந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் டீ குடிக்கக் கூப்பிடுவதுகூட அப்படித்தான். வேலை நேரத்தில் அண்ணன் திடீரென்று சத்தமாகச் சிரித்தால், யாரோ மேலதிகாரியைப் பற்றி ஏதோ அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

புதுப் பட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சர்க்கரை நோயில் அண்ணனுக்கு விரல் நுனி மரத்துக்கொண்டு வருகிறது. புதுப் பட்டைகளில் ஊசி மெத்தென்று இருக்கிறது. நாலைந்து ரகம் தடவிப் பார்த்தான். "ஏதோ எழுதியிருக்குன்னு தெரியுது. என்ன எழுதியிருக்குன்னு தெரியல," என்றான். அவனிடம் இருக்கும் பழைய பட்டையின் ஊசிகள் முரட்டு ஊசிகள். அவன் விரலுக்குத் தட்டுப்படுவது அவை மட்டும்தான். அதைச் செய்த கம்பெனி எப்போதோ இழுத்து மூடப்பட்டுவிட்டது.

இங்கேதான் நான் வருகிறேன். திரைக்கும் பட்டைக்கும் நடுவே ஆள் மாதிரி நின்று எழுத்தைக் கைமாற்றிவிடும் ஒரு சின்ன மென்பொருள் உண்டு. அதை அண்ணனுக்காக எழுதியவள் நான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளட்டும், திருத்தட்டும் என்று திறந்து வைத்தேன். எடுத்துக்கொண்டார்கள். பார்வையற்றவர்களுக்காக மென்பொருள் எழுதுகிற பல பேர் இன்று தங்களுடையதில் இதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பராமரிப்பது இரண்டே பேர். நானும், வேறொரு நாட்டில் இருக்கும் ஒரு பல் டாக்டரும். அவர் மனைவிக்குப் பார்வை கிடையாது, அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டார். வேலை நேரத்தில் ஊரார் பல்லைப் பிடுங்குவார், மிச்ச நேரத்தில் என் உயிரை வாங்குவார். தங்கமான மனுஷன்.

எந்த மென்பொருளும் அந்தரத்தில் ஓடாது. அடியில் ரன்டைம் என்று ஒன்று இருந்து அதை ஓட்ட வேண்டும். எங்களுடையதற்கு எட்டாம் வெர்ஷன் ரன்டைம் இருந்தால் போதும் என்று வைத்திருந்தோம். உலகம் பன்னிரண்டுக்குப் போய்விட்டது. எட்டைச் செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். நான் மட்டும் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணனுடைய பட்டையை இயக்கும் கோப்பு, மூடிப்போன கம்பெனி பூட்டிக் கொடுத்த கோப்பு. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கவும் முடியாது, திருத்தவும் முடியாது. எட்டைத் தாண்டினால் அது அசையாது.

குறைந்தபட்ச வெர்ஷனைப் பதினொன்றுக்கு உயர்த்துவோம் என்று பல் டாக்டர் இரண்டு தடவை எழுதினார். இரண்டு தடவையும் ஏதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டேன். மூன்றாவது தடவை தள்ள முடியவில்லை. எங்கள் மென்பொருள் நம்பியிருக்கும் இன்னொரு மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்திருந்தார்கள். விஷயம் தெரிந்த திருடன் ஒருவன், பட்டைக்குப் போகிற ஒவ்வொரு எழுத்தையும் வெளியில் இருந்தபடியே படித்துவிடலாம். வங்கிக் கடவுச்சொல், ஆஸ்பத்திரி ரிப்போர்ட், புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியது, எல்லாம் போச்சு. ஓட்டையை அடைத்த வெர்ஷன் பதினொன்றிலும் அதற்கு மேலும்தான் ஓடும்.

'என் மனைவி எல்லாவற்றையும் இதில்தான் படிக்கிறாள்,' என்று டாக்டர் எழுதினார். அதற்கு மேல் அவர் ஒன்றும் எழுதவில்லை. அண்ணன் கதையை நானும் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் பெண்டாட்டியையும் என் அண்ணனையும் தராசில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் பதினொன்றைத்தான் கேட்டிருப்பேன்.

சும்மா இருக்க மனசு வரவில்லை. லீவு போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பூட்டிய கோப்புக்கு மட்டும் எட்டை ஓரமாகத் தனியே ஓடவிட்டு, மற்றதெல்லாம் பதினொன்றில் ஓடும்படி எழுதினேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடியது. அண்ணன் தடவிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, பட்டாசு நமுத்துப்போகல," என்றான். அதை எடுத்துக்கொண்டு அவன் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பார்க்கும் அதிகாரியிடம் போனேன். அவர் முடியாது என்றால் உண்டு இல்லை என்று பார்த்துவிடுவது என்ற முடிவோடுதான் போனேன்.

அவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். டீ வரவழைத்தார். நான் கொண்டுபோனதைப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா பண்ணியிருக்கீங்கம்மா. ஆனா ஓரமா இருந்தாலும் எட்டு எட்டுதான். சிஸ்டம் கண்டுபிடிச்சிடும்."

"இத்தனை நாள் விட்டீங்களே சார்."

"உங்க ப்ராஜெக்ட்காரங்களே எட்டுல ஓடும்னு பொறுப்பேத்துக்கிட்டு எழுதி வெச்சிருந்தீங்க. அதைக் காட்டித்தான் ஒவ்வொரு வருஷமும் இவருக்கு விலக்கு வாங்கினேன். நீங்களே கைவிட்டுட்டா நான் எதைக் காட்டறது?"

"நாங்க பதினொண்ணை வெளியிட்டப்புறம் எத்தனை நாள் டைம் குடுப்பீங்க?"

"நான் குடுக்கறதுக்கு என்ன இருக்கு? நீங்க வெளியிட்டா தகவல் தானா இங்க வரும். எட்டு இருக்கிற மிஷினோட இணைப்பு தானா அறுந்துடும். யாரும் உக்காந்து வெட்டறது இல்ல. எனக்கே அப்புறம்தான் தெரியும்."

"பென் டிரைவ்ல புகாரெல்லாம் போட்டு அவர்கிட்ட குடுத்தா?"

பென் டிரைவ் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கேட்டதை நானே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"ஊர் முழுக்கத் தண்ணி திறந்து விடறது இந்த லைன்லதாம்மா ஓடுது," என்றார் மெதுவாக. "ஒருத்தருக்காகக் கதவைத் திறந்து வெச்சு, நாளைக்கு எவனாவது உள்ள வந்துட்டான்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. சண்டைக்குப் போன இடத்தில் எதிரே ஒரு நல்ல மனுஷனைக் கொண்டுவந்து உட்காரவைத்தால் நான் என்ன செய்வேன்? அண்ணனுக்கு வேறு வேலை ஏதாவது தர முடியுமா என்று கேட்டேன். மேலே கேட்டிருப்பதாகவும் வியாழக்கிழமை பதில் வந்துவிடும் என்றும் சொன்னார். "நீங்களும் கூட வந்து இருங்க. நானே அவர்கிட்ட சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போய், ஜன்னலைச் சாத்திவிட்டு, அவன் இடது காதோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க மடிப்பு கோணலாகிக்கொண்டே போனது.

"நீயே குடுத்துட்டு நீயே பிடுங்கிக்கற," என்றாள் அண்ணி. "யாரோ ஒருத்தியோட லெட்டரை எவனோ படிச்சிடுவான்னு உனக்குக் கவலை. இவரு எதைப் படிப்பாருன்னு கவலை இல்ல."

"இருக்கு அண்ணி."

"இருந்து என்ன பண்றது?"

எனக்கே அழுகை வந்துவிட்டது. அண்ணனுக்கு அவள் சொன்னது கேட்டிருக்காது. ஆனால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியாதா?

"அவளைத் திட்டாதே," என்றான் அண்ணியிடம். "அவ என்ன பண்ணுவா, பாவம்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த டாக்டர் வீட்டம்மாவுக்கு எல்லாத்தையும் எவனோ எட்டிப் பாக்கறான்னா, அது அசிங்கம். நீ பதினொண்ணு போட்டுடு," என்றான்.

"உனக்கு?"

"பயமாத்தான் இருக்கு. சம்பளத்தை விடு. அங்க போனா ஒரு நாளைக்குப் பத்துப் பேர் எங்கிட்ட பேசறாங்க. எவனோ அவன் மாமியாரைப் பத்தி எழுதறான், எவளோ தன் பையன் மார்க்கைச் சொல்றா. இங்க நீங்க ரெண்டு பேர், அதுவும் ஜன்னலைச் சாத்தணும். வேற எந்த வேலை குடுத்தாலும் சரி, அந்தக் கூடத்துல ஒரு ஓரமா எனக்கு எடம் இருந்தாப் போதும். பக்கத்துல உக்காந்து கையைத் தொட்டாவது ஏதாவது சொல்வாங்க."

கலந்து பேசி முடிவு செய்தோம். வியாழக்கிழமை அதிகாரி சொல்வதைக் கேட்டுக்கொள்வது. பதில் எதுவானாலும், வெள்ளிக்கிழமை அவன் பட்டை வழியாக எல்லாரிடமும் விடைபெற்றுக்கொள்வது. அவன் வீடு வந்து சேர்ந்த பிறகு நான் வெளியிடுவது. அன்றைக்கே டாக்டர் அனுப்பிவைத்திருந்த மாற்றத்துக்குச் சம்மதம் என்று போட்டேன். 'வெள்ளி மாலை நானே வெளியிடுகிறேன்,' என்று கீழே எழுதியும் வைத்தேன்.

வியாழக்கிழமை அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். கூடத்தில் அவன் மேஜைக்குப் பின் வரிசையில் அதிகாரி ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். அவர் இரண்டே விரலால் தட்டுகிறவர். ஒவ்வொரு துண்டையும் யோசித்து யோசித்து அனுப்பினார்.

'வணக்கம். மேலிடத்தில் பேசினேன்.'

"சொல்லுங்க சார்," என்றான் அண்ணன், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, பட்டையில் விரலை வைத்துக்கொண்டு.

'உங்கள் வேலையில் எங்களுக்கு மிகவும் மதிப்பு.'

"ஆரம்பமே சரியில்லையே சார்," என்றான். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்போது என் போன் அதிர்ந்தது. பல் டாக்டர். எங்கள் தொழிலில் எல்லாரும் மதிக்கிற ஒரு சாஸ்திரம் உண்டு: வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடக் கூடாது. ஏதாவது உடைந்தால் சனியும் ஞாயிறும் ஒட்டிக்கொண்டே கிடக்க வேண்டும். அதைத்தான் எழுதியிருந்தார். 'வெள்ளிக்கிழமை வெளியிட்டு உன் லீவைக் கெடுத்துக்கொள்ளாதே. ஏற்கெனவே களைத்திருக்கிறாய். நீ சம்மதம் கொடுத்துவிட்டதால் நானே இப்போது வெளியிட்டுவிட்டேன். நன்றாக ஓய்வெடு. என் மனைவி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.'

நிமிர்ந்து திரையைப் பார்த்தேன். அதிகாரி அடுத்த துண்டை அனுப்பிவிட்டிருந்தார். 'திங்கள்கிழமை முதல் உங்களுக்கு' என்று அது போய்ச் சேர்ந்திருந்தது. அதற்கடுத்ததையும் தட்டி முடித்து அனுப்பினார். அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு குறி விழுந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் சிவப்பு. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் போனை நீட்டினேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

போய்ச் சேராத வரி அவர் திரையில் இருந்தது. 'தருவதற்கு இங்கே வேலை எதுவும் இல்லை. இனி வர வேண்டாம்.'

"திங்கள்கிழமை முதல் எனக்கு," என்று அண்ணன் சத்தமாகப் படித்தான். பொத்தானை அழுத்தினான். ஊசிகள் அப்படியே நின்றன. இன்னொரு முறை அழுத்திவிட்டு, விரலை வரியின் ஆரம்பத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். சுற்றிலும் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் வழக்கம்போல அவனுக்கு ஏதோ தட்டியனுப்பப் பார்த்து, அவர் திரையிலும் சிவப்பு விழுந்து, கையை எடுத்துக்கொண்டார்.

நான் போய் அண்ணனின் இடது காதோரம் குனிந்தேன். "அண்ணா, நான் சொல்றேன்," என்று கத்தினேன். கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. என் மூச்சு பட்டதில் ஆளை அடையாளம் கண்டுகொண்டு, விரலைப் பட்டையிலிருந்து எடுக்காமலே இன்னொரு கையால் என்னை லேசாக விலக்கினான்.

"இரு பட்டாசு, சார் பாதி சொல்லியிருக்காரு," என்றான். பிறகு முகத்தை நிமிர்த்தி, கூடத்தைப் பார்த்துச் சொன்னான். "நீங்க சொல்லுங்க சார். நான் படிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."