சமவெளியில் சத்தமில்லாமல்

குளியலறைக் குழாயடியில் குந்தியிருந்து, அப்பாவின் காலிலிருந்து கழற்றிய சப்பாத்தில் அப்பியிருந்த கறுப்புச் சேற்றை இராமலெட்சுமி தேய்த்துக்கொண்டிருந்தாள். மலைநாட்டு ஹோட்டன் சமவெளிச் சேறு கொழும்பு வெள்ளவத்தைத் தண்ணீருக்கு இலேசில் போகிறதாயில்லை. ஹாலில் அப்பா தங்கையா சவப்பெட்டிக்குள் கிடந்தார்.

"கொட்டாஞ்சேனையில இருந்து உம்மட அத்தை வந்திட்டா," என்றான் கணவன் நாகேந்திரம்.

பேச்சியம்மா அப்பாவின் தங்கை. செத்தவர் கடைசியாகச் சொன்ன சொல்லை எடுத்துத்தான் அவள் ஒப்பாரி தொடங்குவாள். அது தெரிந்துதான் இராமலெட்சுமி சேற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்றுக் காலை அந்தப் புல்வெளியில் கால் வைத்ததுமே அப்பா சின்னப்பிள்ளையாகிவிட்டார். "ஏ லெச்சுமி, மரைமானப் பாரு, மாடு கணக்கா மேயுது," என்று சத்தம் போட்டார். முன்னால் போன சிங்களக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. கொழும்பில் குண்டு வெடித்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. வாயிலில் இவர்களுடைய அடையாள அட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டிருந்தார்கள்.

"அப்பா, இங்க தமிழ்ல பேசாதீங்க. எல்லாரும் பாக்கிறாங்க."

"சரி தாயி."

அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. உலக முடிவு என்ற செங்குத்துப் பாறையின் விளிம்பில், பள்ளத்திலிருந்து பனி ஏறி மலைகளை ஒவ்வொன்றாக மூடியபோதுகூட வெறுமனே சிரித்தார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து இப்போது சப்பாத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

அருவிக்கு இறங்கும் பாதையில் கற்கள் வழுக்கின. அவளும் நாகேந்திரமும் முன்னால் நடந்தார்கள். பின்னால் யாரோ சிங்களத்தில் கூப்பிட்டார்கள். திரும்பினால், அப்பா நெஞ்சைப் பிடித்தபடி மண்கரையில் சாய்ந்து கிடந்தார். ஒரு சிங்கள அம்மா அவர் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள்.

"பாவம், உங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்," என்றாள் சிங்களத்தில். "அப்பா ஊமையா?"

பின்னால் ஆட்கள் கூடிவிட்டிருந்தார்கள். இராமலெட்சுமியின் தலை ஆமென்று ஆடியது. "ஓவ், அம்மே," என்றாள்.

புறக்கோட்டைத் துணிக்கடையில் ஆயுள் முழுக்கச் சிங்களத்தில் வியாபாரம் பேசியவர் அப்பா. கேள்வியும் விளங்கியிருக்கும், பதிலும் விளங்கியிருக்கும். அவளையே பார்த்தார். பார்த்தபடியே போய்விட்டார்.

சப்பாத்தைச் சுவரோரம் வைத்துவிட்டு ஹாலுக்குப் போனாள். பேச்சியம்மா அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அண்ணே கடைசியா என்னடி சொன்னாரு?"

சரி தாயி என்றதுதான் கடைசி. அதைச் சொன்னால், எதுக்குச் சொன்னார் என்று அத்தை அடுத்துக் கேட்பாள்.

"ஒண்ணுமே பேசல அத்தை."

"ஒரு வார்த்தகூடவா? வாய் ஓயாத மனுசனாச்சே."

"இல்ல அத்தை."

பேச்சியம்மா பெட்டியைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள். பெண்கள் தோளில் கைபோட்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். பேச்சியம்மா தலையைக் குனிந்து இராகத்தை இழுத்தாள். சொல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து இழுத்தாள். பின்பாட்டு எடுக்க வேண்டிய பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.