கால் கிலோ தனியா

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, குருசுக்குப்பத்துக் கார்குழலி கதையைச் சொல்கிறேன்.

ஒற்றை அறை வீடு. புருஷன் செம்மல், மாமியார், மூன்று பிள்ளைகள், ஓயாமல் பேசும் டிவி. குளிக்கப் போனால்கூடக் கதவைத் தட்டிச் சீப்பு எங்கே என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் எந்நேரமும் பாட்டு முணுமுணுத்தவள் அவள். அந்தக் குரலைக் கேட்க அவளுக்கே ஏக்கமாக இருந்தது.

ஒரு காலை செம்மலிடம் சொல்லியேவிட்டாள். "கொஞ்சம் தனியா இருந்தா தேவலாம்ங்க."

"தீர்ந்துபோச்சா? வாங்கியாறேன்."

சாயங்காலம் கால் கிலோ மல்லி விதையோடு வந்து நின்றான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "வறுத்து மில்லுல அரைக்கணும். நானே போயிட்டு வரேன்" என்றாள்.

மில்லில் கூட்டம். டப்பாவை வரிசையில் வைத்துவிட்டுக் கடற்கரைப் பாறையில் போய் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வெகுநேரம் கழித்துப் பழைய பாட்டொன்று, பாதி வரி மறந்துபோய், தானாக வாய்க்கு வந்தது.

அன்று குழம்பு கூட்டும்போதும் அது நிற்கவில்லை.

"மில்லுல என்னத்த அரைச்சிட்டு வந்தா, பாட்டெல்லாம் வருது?" என்றாள் மாமியார். செம்மல் அந்தப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தான்.

மறுவாரம் இன்னொரு பொட்டலத்தை நீட்டினான்.

"டப்பா நிறைய இருக்கே, எதுக்கு?"

"அந்தத் தனியா இருக்கு. நீ கேட்ட தனியா தீர்ந்திருக்குமே. போயிட்டு வா, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

உங்கள் வீட்டிலும் இரண்டு தனியாவும் குறையாமல் இருக்கட்டும், கண்ணுங்களா.